பாதிப் பொட்டு

தொண்ணூற்றாறு என்று காட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செண்பகவல்லி அடுப்படிக்குப் போனாள். ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் எழுபத்தொன்று. யாரும் தொடவில்லை, எதையும் திறந்து வைக்கவில்லை, மேஜைமேல் சாதுவாக உட்கார்ந்திருந்த லேப்டாப் தன்பாட்டுக்கு இருபத்தைந்து சதவீதச் சார்ஜைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. மின்விசிறி நின்றுபோன கூடத்தில் அதன் மூச்சு மட்டும் புஸ்ஸென்று கேட்டது. மாதாமாதம் வருகிற பராமரிப்பு மின்தடை. காலையில் ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும், கோவில்பட்டியில் அது தெரியாதவர் கிடையாது. பதினொரு மணிக்கு நேர்காணல். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழும் கணக்கும் சொல்லித்தரும் ஒரு நிறுவனம். அரை மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், திரையில் எழுதிக் காட்ட வேண்டும், போனில் வந்தால் ஏற்க மாட்டோம் என்று ஒன்றுக்கு இரண்டு தரம் எழுதியிருந்தார்கள். எட்டு மாதமாக அவள் வீட்டில் இருக்கிறாள். செண்பகம் டீச்சர், செண்பகம் டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிட்ட பள்ளிக்கூடத்தை முதலாளி மூடிக் கல்யாண மண்டபமாக்கிவிட்டார். அவள் செய்யுள் நடத்திய அறையில் இப்போது பந்திக்கு இலை போடுகிறார்கள். வீட்ல சும்மாதான இருக்க என்று வீட்டுக்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார், கேஸ் புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொல்லும்போது. அந்தச் சும்மா இன்றுவரை தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. இந்த வேலை கிடைத்தால் முள் இறங்கிவிடும். இது போனால், நாற்பத்தாறு வயதுக்காரியை இனி யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள். சார்ஜ் அறுபத்தெட்டு ஆகியிருந்தது.

பகவதி சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. பகவதி அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டு தெரு தள்ளி வீடு. இருவரும் ஒரே ஜூனில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். தீபாவளிக்கு ஒரே டிசைனில் இரண்டு சேலை எடுப்பார்கள், நிறம்கூட மாறாது. ஸ்டாஃப் ரூமில் இரட்டைப் பிள்ளைகள் வந்தாச்சு என்று கிண்டல் பண்ணுவார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு வந்தபோது லேப்டாப்பும் அப்படித்தான் வாங்கினார்கள். கம்பெனிகளில் கழித்துப் போட்டதைச் சரிசெய்து விற்கிற கடையில் ஒரே மாடலில் இரண்டு. பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற பழைய ரகம். கம்ப்யூட்டர் விஷயத்தில் செண்பகத்துக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான், எல்லாம் பகவதி பார்த்துக்கொள்வாள். நேர்காணல் தேதி வந்ததும் காலண்டரைப் பார்த்து, அன்னைக்குக் கரண்டு இருக்காதே என்று சேர்ந்துதான் கவலைப்பட்டார்கள். உன் பழைய சிஸ்டத்தில் அவர்கள் மீட்டிங் திறக்காது, கொண்டா, புது வெர்ஷன் போட்டுத் தருகிறேன் என்று பகவதி வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்து, காபி குடித்து, சுடச்சுடப் பணியாரம் தின்று, பிள்ளைக்கு என்று நாலைந்தை டப்பாவில் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் ஒத்திகை பார்க்க வயரைப் பிடுங்கியபோதுதான் சார்ஜ் சர்ரென்று இறங்குவது தெரிந்தது. முன்னெல்லாம் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும். போன் போட்டுச் சொன்னால், புது அப்டேட்டுன்னா அப்படித்தான் இருக்கும், ரெண்டு மூணு நாளைக்கு உள்ளுக்குள்ள என்னமாவது ஓடிக்கிட்டே இருக்கும் என்று பகவதி ஆறுதல் சொல்லி, செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்தாள். செண்பகம் எழுதிவைக்காத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அதைத்தான் இன்றைக்கும் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள்.

வெளிச்சத்தைக் குறை என்றாள். குறைத்துக் குறைத்து, எழுத்து தெரிய வேண்டுமானால் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ப்ளூடூத்தை அணை, அணைத்தாயிற்று, அது இத்தனை நாள் எதற்காக விழித்துக்கொண்டிருந்தது என்றே தெரியவில்லை. இருப்பிடம் காட்டுவதை நிறுத்து, நிறுத்தியாயிற்று. இந்த வீட்டை விட்டால் காய்கறிக் கடை, காய்கறிக் கடையை விட்டால் இந்த வீடு, அவளுடைய இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள். பின்னால் ஓடுகிறதையெல்லாம் நிறுத்து. பின்னால்தான் எத்தனை ஓடுகிறது. வானிலை ஓடுகிறது, செய்தி ஓடுகிறது, பெயர் வாயில் நுழையாத என்னென்னவோ ஓடுகிறது, ஒன்றின் கழுத்தைப் பிடித்தால் இன்னொன்று எழுந்து ஓடுகிறது. இந்த வீட்டில் சும்மா இருப்பவள் தான் ஒருத்திதான் போலிருக்கிறது. நிறுத்த நிறுத்த எண் இறங்கியது. சரிபார்க்கிறதற்கே சார்ஜ் போகிறது என்பது ஐம்பத்திரண்டில்தான் உறைத்தது. அணைத்து வைத்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திறந்தால் ஆகாதா? இந்த வேகத்தில் அரை மணி நேரம் தாங்காது. அணில் படத்தைக் காட்டி, இது என்ன கண்ணு என்று கேட்டு, பதில் வருகிற இடத்தில் பொசுக்கென்று இருண்டுவிடும். அந்தக் கறுப்புக்குள் அவள் முகம் தெரியும், வாய் திறந்தபடி. அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள், பிறகு சிரித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். மதியம் அவர் சாப்பிட வந்து, என்னாச்சு என்பார். என்னவென்று சொல்வது, ஏதோ அமுக்கிக் கெடுத்துவிட்டேன் என்றா? அதைத்தான் அவள் திங்கட்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். திறந்ததும் அது ஏதேதோ கேட்டது, சரியா, சம்மதமா, தொடரலாமா என்று. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாளே, அதில் எந்தச் சரி இப்படிக் குழி பறித்ததோ. பகவதி பக்குவமாகச் செய்து கொடுத்ததை இவள் கை பட்டுக் கெடுத்துவிட்டாள். நேற்று ராத்திரி தூக்கத்தில்கூட அந்தச் சரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி ஆனபோது பகவதியின் நினைவு வந்தது. அவளுக்கும் அதே நிறுவனத்தில்தான் நேர்காணல், பத்துக்கு. இப்போது போன் பண்ணினால் நடுவில் மணியடித்துக் காரியம் கெட்டுவிடும் என்று எடுத்த போனைக் கீழே வைத்தாள். சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்று, பகவதிக்கு நல்லபடியா முடியணும் தாயே என்று விளக்கைத் தூண்டிவிட்டாள். தனக்காக வேண்டிக்கொள்ள மறந்துவிட்டது, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சரி, அவளுக்கு முடிந்தால் எனக்கும் முடிந்த மாதிரி என்று விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்ஷன் அன்று வகுப்பில் சாக்பீஸ் ஒன்றுகூட இல்லாமல் விழித்தபோது ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு நாலு சாக்பீஸை வைத்துவிட்டுப் போனதே, அந்தக் கைக்கு முகம் தேவைப்படவில்லை, வளையலே சொன்னது. அவளுக்கு என்ன, கெட்டிக்காரி, எதையும் சமாளிப்பாள். அவளுடைய பேட்டரி செத்தே ஒரு வருஷம் ஆகிறது, வயரைப் பிடுங்கினால் கால் மணி நேரம் நின்றால் அதிகம். கரண்டு இல்லாம நீ என்னட்டி செய்வ என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு, ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டேன் என்று பணியாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நல்லவேளை என்று செண்பகம் இன்னும் இரண்டு பணியாரத்தை அவள் தட்டில் வைத்தாள்.

அணைத்து வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது. போனில் தேடினாள். யாரோ ஒருவர் தமிழில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற வீடியோ ஒன்று வந்தது; பகவதி சொன்னது அத்தனையும் அதே வரிசையில் சொன்னார், வெளிச்சம், ப்ளூடூத், இருப்பிடம், பின்னால் ஓடுகிறவை. அட, இவள் இதைப் பார்த்துத்தான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள் என்று சிரிப்புகூட வந்தது. கடைசியில் ஒன்று சொன்னார், எதிலும் சரியாகாவிட்டால் மெஷினை அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள் என்று. இதைப் பகவதி சொல்லவில்லையே, மறந்திருப்பாள். செண்பகம் மேஜைமேல் ஒரு துண்டை விரித்து, லேப்டாப்பைக் குழந்தையைப் புரட்டுகிற மாதிரிக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்துவிட்டு அதைப் பார்த்தாள். பார்த்தது என்னவென்று உடனே பிடிபடவில்லை. ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள், மிக்ஸிக்கு, தையல் மெஷினுக்கு, அவருடைய பைக்குக்கு. லேப்டாப் மூடிமேல் வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில், பேட்டரியும் உடம்பும் சேர்கிற கோட்டின்மேல் வைப்பாள். வருஷாவருஷம் அதே இடத்தில் வைத்து வைத்துக் கறை ஏறி, ஈரத்துணி போட்டுத் தேய்த்தாலும் போகாத வட்டமாகிவிட்டது. இப்போது அங்கே பாதி வட்டம் இருந்தது. உடம்பின் பக்கம் செக்கச்செவேல் என்று அரைப் பொட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பேட்டரி மொழுமொழுவென்று கறுப்பாக, ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லாமல். விரலால் தேய்த்துப் பார்த்தாள். எச்சில் தொட்டும் தேய்த்தாள். கறை அழிந்துபோயிருந்தால் பாதி மட்டும் எப்படி அழியும். பேட்டரி தன்னுடையது இல்லை என்று மனசு சொல்வதற்கு முன்னால் கை அதன்மேலிருந்து விலகிக்கொண்டது.

மறதியாக இருக்கும். இரண்டு மெஷினையும் ஒரே மேஜையில் வைத்துத் தூசி தட்டியிருப்பாள், இரண்டு பேட்டரியையும் கழற்றி வைத்திருப்பாள், ஒரே மாடல்தானே, மாட்டும்போது மாறிவிட்டது, யாருக்கும் வரக்கூடிய தவறுதான். இப்படி நினைத்ததும் உடம்பு லேசானது. ஆனால் பேட்டரியைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கிகளை இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் தள்ள வேண்டும், செண்பகத்தின் கட்டைவிரல்கள் இப்போது அங்கேதான் இருந்தன, அந்த இரண்டு விரலுக்கும் நட்டநடுவில் பொட்டு இருந்தது. அதைப் பார்க்காமல் யாராலும் கழற்ற முடியாது. குருடிகூட விரலால் தடவித் தெரிந்துகொண்டிருப்பாள். பார்த்திருக்கிறாள். பொட்டைப் பார்த்துக்கொண்டே பிடுங்கியிருக்கிறாள். ஏற்பாடு பண்ணிட்டேன். எதற்கெடுத்தாலும், நீ கெடுத்திராத, கொண்டா நானே பாக்கேன் என்று பிடுங்கிக்கொள்கிறவள், திங்கட்கிழமை மட்டும் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லி, நீயே செய்யி, ஒனக்கும் பழகட்டும் என்றாளே. இவள் நெற்றி வியர்க்க ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு, அணைச்சிட்டேன்ட்டி, அடுத்தது என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்கக் கேட்க, அந்தப் பக்கம் அவள் சொல்லிக்கொண்டே போனாளே, ஒரு இடத்திலாவது நாக்கு தடுக்கியதா? நான் எதையாவது அமுக்கிக் கெடுத்துட்டேனாட்டி என்று கேட்டபோது, இருக்கும், நீ செய்யக்கூடியவதான் என்று சிரித்தாளே. அந்தச் சிரிப்புத்தான். பேட்டரி போனால் போகிறது, ஒரு பிளாஸ்டிக் கட்டை. இல்லாத தவறைத் தேடி இவளை இரண்டு நாள் அலையவிட்டுவிட்டு அவள் கணக்காகப் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள், இவள் பேட்டரியில், இவள் ஏற்றிய விளக்கோடு. கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பாளே. அவளுக்குப் பத்து, இவளுக்குப் பதினொன்று, இரண்டு தெரு, ஒரே பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு பேருமே முடித்திருக்கலாமே. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிற கணக்கு இது, ஒரு கணக்கு டீச்சருக்கு வரவில்லையா. மனசு அதோடு நிற்காமல் பழையதையெல்லாம் கிளற ஆரம்பித்தது. ஒரு தீபாவளிக்கு எடுத்த மாம்பழக் கலர்ச் சேலைகள் இரண்டும் ஒன்றாகச் சலவைக்குப் போய் வந்தபோது, ஓரத்தில் இழை பிரிந்த சேலை செண்பகத்துக்கு வந்தது. எது யாருடையது என்று அன்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டு ஆளுக்கொன்றை எடுத்தார்கள். முதலில் கை நீட்டியது யார்? அப்போதுமா? சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் முதலில் நீண்ட கையில் அந்த வளையல் இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது.

பதினொன்றுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. போனை எடுத்தபோது என்ன பேச வேண்டும் என்று எதுவும் யோசிக்கவில்லை. பகவதி உடனே எடுத்தாள், குரலில் நல்லபடியாக முடிந்த சந்தோஷம் இருந்தது, அவளே பேச ஆரம்பிப்பதற்குள் செண்பகம் சொன்னாள்.

"பகவதி, ஒன் பேட்டரி எங்கிட்ட இருக்குட்டி."

என்ன பேட்டரி என்று கேள். என்னட்டி சொல்லுத, புரியல என்று கேள், ஐயையோ மாறிட்டா என்று தலையில் அடித்துக்கொள், நான் நம்பிவிடுகிறேன், பொட்டையும் கட்டைவிரலையும் மறந்துவிடுகிறேன் என்று செண்பகம் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குக்கர் ஒன்று விசிலடித்து ஓய்ந்தது.

"எப்பம் பாத்த?" என்றாள் பகவதி.

அதற்குப் பிறகு அவள் நிறையப் பேசினாள். பிள்ளைக்குக் காலேஜ் ஆரம்பித்துவிட்டது, வீட்டில் அவர் கடை சரியாக ஓடவில்லை, புது பேட்டரி இந்த மாடலுக்கு இனி வராது என்று கடையில் கைவிரித்துவிட்டான், மத்தியானமே வந்து மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தாளாம். மத்தியானம். அதாவது செண்பகத்தின் முகம் இருண்ட திரையில் வாய் பிளந்து முடிந்த பிறகு. பேசிக்கொண்டே அவள் அழ ஆரம்பித்தாள். அடிபட்டவள் இங்கே கல்லாக உட்கார்ந்திருக்க அடித்தவள் அழுகிறாளே என்று செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருக்கலாமே என்று ஒரே ஒரு வார்த்தைதான் அவளால் சொல்ல முடிந்தது.

"கேட்டா நீ குடுத்திருப்ப செண்பகம். எனக்குத் தெரியும். எத்தன தடவதான் ஒங்கிட்டயே வந்து கேக்கது."

சிலிண்டர், விசேஷத்துக்குக் கட்ட பட்டுச் சேலை, ஒரு தடவை கழுத்துச் சங்கிலி. கொடுத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. கொடுக்கும்போது தன் முகம் எப்படி இருந்தது என்று செண்பகத்துக்குத் தெரியாது, பகவதிக்குத்தான் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நினைக்க இப்போது நேரம் இல்லை, மனசும் இல்லை. இருபது வருஷமாகக் கதவைத் தட்டாமல் நேராக அடுப்படிவரை வந்து, என்னட்டி கொழம்பு என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறவளிடம், செண்பகம் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் சொல்லி முடித்தாள்.

"கொண்டாந்து வாசப்படில வச்சிட்டுப் போ. உள்ள வராத."

மின்விசிறி இல்லாததால் ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடந்தது. தெருமுனையில் திரும்பும்போதே ஸ்கூட்டரின் சத்தம் இன்னாருடையது என்று தெரிந்தது, கேட்டைத் திறக்கிற விதமும் தெரிந்தது, ஒரு நொடி கால் தயங்கியதும் தெரிந்தது. படியில் ஏதோ வைக்கப்பட்டது. பிறகு கேட் சாத்தும் சத்தம் கேட்டது, ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்கவில்லை. செண்பகம் போய் எடுத்துக்கொண்டு வந்தாள், நிமிர்ந்து தெருவைப் பார்க்கவில்லை. ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்த பேட்டரி இன்னும் சூடாக இருந்தது. அடிப்பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தடவியே மாட்டினாள். எண்பத்து நாலு என்று காட்டியது. அங்கேயே நின்றது, அசையவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள், போனிலிருந்து நெட்டை எடுத்தாள், முகத்தைத் துடைத்து, உதட்டைச் சிரிப்புக்குத் தயார் பண்ணினாள். திரையில் ஒரு பெண் வந்தாள், காதில் பெரிய ஹெட்போன், முகத்தில் நல்ல களை. வணக்கம் மேடம், நான் பேசுறது கேக்குதா என்றாள். கேக்குது கேக்குது என்று செண்பகம், ஆன்லைனில் பேசுகிற எல்லோரையும் போல, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். வகுப்புக்குப் போவதற்கு முன்னால் சாதாரணமாக ஒரு கேள்வி என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"எங்க நிறுவனத்தப் பத்தி உங்களுக்கு யார் மூலமாத் தெரிஞ்சது மேடம்?"

யார் மூலமாக. ஒரு மத்தியான வேளையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து, இந்தா பாருட்டி, நமக்குன்னே போட்டிருக்கான், நீ மொதல்ல அனுப்பு, நான் பொறவு அனுப்புதேன் என்று இவளை உட்காரவைத்து, விண்ணப்பத்தைத் தானே நிரப்பி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் தன்னுடையதை அனுப்பினாள் ஒருத்தி. என் சிநேகிதி என்கிற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செண்பகம் அதை விழுங்கினாள். காமிராவைப் பார்த்து, குரல் தாழ்த்தாமல், சிரித்த முகமாகச் சொன்னாள்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொன்னாங்க."

அப்படியா, நல்லது என்று அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.